வீட்டுக்குள் செடி வளர்க்க: விளக்கு, தண்ணீர், உரம் வாங்கும்முன் (கேள்வி-பதில்)

கேள்வி: ஓசூரில் அடுக்குமாடி வீடு. பால்கனிக்கு வெயில் வராது. உள் அறையில் 2 அடிக்கு 2 அடி இடத்தில், மண்ணில்லாமல் தண்ணீர்த் தொட்டியில், லெட்யூஸ், பேசில் வளர்க்க ஆசை. இணையத்தில் ‘1000 வாட்’ எல்.இ.டி. விளக்கு மலிவாக இருக்கிறது. ‘65 வாட்’ விளக்குக்கு அதைவிட விலை கூடுதல். எதை வாங்குவது?

பதில்: 65 வாட். அந்த ‘1000’ பழைய சோடியம் விளக்குக்கு ஈடு என்று சொல்லிப் போடும் எண். விவரப் பட்டியலின் அடியில் உண்மையில் இழுக்கும் மின்சாரம் என்று 80, 100 என ஏதோ ஒன்று சிறிய எழுத்தில் இருக்கும். பல விளக்குகளில் அதுகூட இருக்காது. வாங்கிய பிறகு பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரை வைத்துப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் குட்டு உடைந்துவிடும்.

செடிக்கான விளக்கை வாட்டைப் பார்த்தோ லூமனைப் பார்த்தோ வாங்கக் கூடாது. லூமன் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் என்ற கணக்கு. செடிக்கு வேண்டியது பி.பி.எஃப்.டி., அதாவது ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித் துகள்களை எண்ணும் அளவு) ஒளி விழுகிறது என்பது. கீரை வகைகளுக்கு 200 முதல் 250 வரை, நாளுக்கு 16 மணி நேரம் கிடைத்தால் போதும். உங்கள் இடம் சுமார் 0.37 சதுர மீட்டர். 250 வேண்டுமென்றால் 93 மைக்ரோமோல். கால் பங்கு சுவரிலும் தரையிலும் வீணாகும் என்று வைத்தால் விளக்கு 125 மைக்ரோமோல் தர வேண்டும். நல்ல விளக்கு ஒரு வாட்டுக்கு 2.5 மைக்ரோமோல் தரும். ஆக 50 வாட் போதும், 65 வாட்டில் கொஞ்சம் மிச்சமே இருக்கும். அந்த 2.5 என்ற எண்ணை, வாட்டுக்கு எவ்வளவு ஒளி என்பதை, விற்பவர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எழுதாத விளக்கை விட்டுவிடுங்கள்.

ஊதா வெளிச்சம் தரும் விளக்கு வேண்டாம். அதில் இலை மஞ்சளாகிறதா, புள்ளி விழுகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. வெள்ளை ஒளி விளக்கானால் இன்னொரு வசதியும் உண்டு: கைபேசியில் லக்ஸ் செயலியை இலை மட்டத்தில் வைத்து, வரும் எண்ணை 70-ஆல் வகுத்தால் பி.பி.எஃப்.டி. தோராயமாகக் கிடைக்கும். 15,000 லக்ஸ் என்றால் 215 அளவு. விளக்கை இலைக்கு மேல் 30 முதல் 45 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, இந்த எண்ணைப் பார்த்து ஏற்றி இறக்குங்கள்.

விளக்கின் டிரைவர் பெட்டியில் (விளக்குக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் பெட்டி) பி.ஐ.எஸ்., அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தொழிற்சாலைக்குத் தந்தது என்று காட்டும். கீழே தண்ணீர்த் தொட்டி, மேலே கரண்ட் என்பதால் எர்த் உள்ள மூன்று பின் பிளக்கும், அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.

மின் கட்டணம்: 65 வாட், 16 மணி நேரம், நாளுக்கு ஒரு யூனிட் சொச்சம். இரண்டு மாத ரீடிங்கில் 62 யூனிட் கூடும். இப்போதே 450-ஐத் தொடும் வீடானால் யோசியுங்கள். 500-ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழும்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். கூடாரம், 4 அங்குல எக்சாஸ்ட் மின்விசிறி, கார்பன் ஃபில்டர், டைமர், விளக்கு எல்லாம் சேர்ந்த ‘முழு கிட்’ வாங்கலாமா?

பதில்: கீரைக்கு அதில் பாதி தேவையில்லை. இந்த கிட்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் வீட்டில் கஞ்சா வளர்ப்பவர்களுக்காக அமைக்கப்பட்டவை. அதே பெட்டியை இங்கே ‘ஹைட்ரோபோனிக்ஸ் கிட்’ (மண்ணில்லாமல் செடி வளர்க்கும் கிட்) என்று விற்கிறார்கள். கார்பன் ஃபில்டர் அந்தச் செடியின் கடும் வாடையை அடக்க. லெட்யூஸுக்கு ஏது வாடை? ஃபில்டரை மாட்டினால் மின்விசிறி தள்ளும் காற்றும் குறைந்துவிடும். விளக்கில் இருக்கும் ‘பூக்கும் பருவம்’ சுவிட்சும் அந்தச் செடிக்காகத்தான்.

மூன்று தட்டு இரும்பு ஷெல்ஃப், பின்னால் வெள்ளை ஃப்ளெக்ஸ் அல்லது வெள்ளைச் சுவர், விளக்கு, ஒரு கிளிப் மின்விசிறி, டைமர். இவ்வளவுதான். மின்விசிறியை மட்டும் விடாதீர்கள். காற்று அசையாத இடத்தில் லெட்யூஸின் உள் இலைக்குக் கால்சியம் போய்ச் சேராது, நுனி கருகும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டைமரைப் பொறுத்தவரை, சுற்றும் வட்டு டைமர் மலிவு, ஆனால் கரண்ட் போகும்போது அதுவும் நின்றுவிடும். ஒரு வாரத்தில் ‘பகல்’ நேரம் நான்கு மணி நேரம் தள்ளிப் போயிருக்கும். உள்ளே பேட்டரி இருக்கும் டிஜிட்டல் டைமர் வாங்குங்கள்.

கூடாரம்தான் வேண்டும் என்றால் தர்மபுரி, அரூர் பக்கத்துக் கோடையை நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் மூடிய கூடாரத்துக்குள் விளக்கின் சூடும் சேர்ந்தால் லெட்யூஸ் கசந்து, தண்டு நீண்டு, பூக்கப் போய்விடும். அந்த மாதங்களில் விளக்கை மாலை 6 முதல் காலை 10 வரை எரியவிடுங்கள், அல்லது சூடு தாங்கும் பேசில், தண்டுக்கீரைக்கு மாறுங்கள். ஓசூருக்கு இந்தக் கவலை குறைவு.

கேள்வி: அந்தக் கஞ்சாச் செடியையே சொந்த உபயோகத்துக்கு ஒன்று மட்டும் வீட்டில் வைத்தால் தவறில்லை என்று ஒரு காணொளியில் சொல்கிறார்களே? விதையும் இணையத்தில் வருகிறது.

பதில்: தவறு, பெரிய தவறு. அந்தக் காணொளி கனடாவிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்திருக்கும். கனடா 2018-இல் வீட்டுக்கு 4 செடி என்றும், ஜெர்மனி 2024 ஏப்ரலில் வயதுவந்த ஒருவருக்கு 3 செடி என்றும் அனுமதித்தன. அவர்கள் சட்டம் அவர்களுக்கு. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 20-ஆவது பிரிவின்படி, கஞ்சாச் செடி பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும். பயிரிடும் குற்றத்துக்கு ‘ஒரு செடிதானே’ என்ற சலுகை சட்டத்தில் இல்லை. தெரிந்தே இடம் கொடுத்த வீட்டுக்காரரும் 25-ஆவது பிரிவில் மாட்டுவார். உத்தரகாண்ட் போன்ற மாநிலங்களில் நாருக்காகப் பயிரிட உரிமம் உண்டு என்பது வேறு கதை. பொழுதுபோக்குக்கு இந்தியாவில் எங்கும் உரிமம் கிடையாது. அந்த விதைக்குப் பணம் கட்டாதீர்கள். ஏமாற்றப்பட்டாலும் புகார் கொடுக்க வழியில்லாத வியாபாரம் அது.

கேள்வி: தர்மபுரி. போர் தண்ணீரில் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 900. பாட்டிலில் சொன்னபடி திரவ உரம் கலந்தேன், மீட்டர் 1,700 காட்டுகிறது. இலை ஓரம் கருகுகிறது. உரம் போலியா?

பதில்: உரத்தின் மேல் பழி போடாதீர்கள், தண்ணீர்தான் காரணம். மீட்டர் அளப்பது இ.சி.யை, அதாவது தண்ணீர் கரண்டைக் கடத்தும் அளவை. அதை 500-ஆல் பெருக்கி டி.டி.எஸ். என்று காட்டும். 900 என்பது உங்கள் மீட்டரின் இந்த 500 அளவுகோலில் இ.சி. 1.8. சில மீட்டர்களில் 700 அளவுகோல் இருக்கும், அதனால் எப்போதும் இ.சி.யில் பேசுவது நல்லது. லெட்யூஸுக்கு உரமும் சேர்த்து மொத்தம் 1.2 முதல் 1.6 போதும். நீங்கள் உரம் போடும்முன்பே எல்லை தாண்டிவிட்டது. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் பைகார்பனேட்டும் அதிகம். இன்று அமிலம் விட்டு பி.எச்.சை (அமில-காரத் தன்மையை) 6-க்குக் கொண்டுவந்தால் நாளைக் காலை 7.5-இல் நிற்கும்.

நான்கு பங்கு ஆர்.ஓ. தண்ணீருக்கு ஒரு பங்கு போர் தண்ணீர் கலந்தால் இ.சி. 0.4 பக்கம் வந்துவிடும், கொஞ்சம் கால்சியமும் மெக்னீசியமும் இலவசமாகக் கிடைக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வீட்டுக்கு வருகிறதென்றால் அதை அளந்து பாருங்கள், 0.5-க்குக் கீழே இருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். மாடியில் பிடித்த மழைநீர் எல்லாவற்றையும்விட மேல். ஆர்.ஓ. கழிவு நீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்ற வேண்டாம். (வீட்டில் டிரசீனாவோ ஸ்பைடர் செடியோ நுனி பழுப்பாகிறது என்றால், நம் ஊர்த் தண்ணீரின் ஃபுளோரைடும் காரணமாக இருக்கலாம்.)

பி.எச். மீட்டர் வாங்கும்போது 4.00, 6.86 கரைசல் தூள்கள் கூட வருகின்றனவா என்று பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவற்றில் சரிபார்க்காத மீட்டர் இருந்தும் இல்லாத மாதிரி. கண்ணாடிக் குமிழ் காயக் கூடாது. பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைத்து வையுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும்.

கேள்வி: பாலக்கோடு உரக்கடையில் 19:19:19 மலிவு. ஹைட்ரோபோனிக்ஸ் பாட்டிலுக்குப் பதில் அதைப் போடலாமா?

பதில்: மண்ணுக்கும் தெளிப்புக்கும் நல்ல உரம். மண்ணில்லாத தண்ணீர்த் தொட்டிக்கு ஆகாது. அதிலுள்ள தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மாற்றிக் கொடுக்கும், வெறும் தண்ணீரில் அது வேகமாக நடக்காது. யூரியா இ.சி. மீட்டரிலும் தெரியாது. கால்சியமும் இல்லை.

ஆனால் அதே கடையில் உங்களுக்கு வேண்டியது இருக்கிறது. தக்காளிக்குச் சொட்டுநீரில் விட பாலக்கோடு, ராயக்கோட்டை விவசாயிகள் வாங்கும் ஒரு கிலோ பாக்கெட்டுகளேதான். 20 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்குக் கீரை அளவு: கால்சியம் நைட்ரேட் 12 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் (13:0:45) 7 கிராம், 0:52:34 (மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்) 3 கிராம், மெக்னீசியம் சல்ஃபேட் 8 கிராம். கூடவே இரும்பு கீலேட் (அடியில் படியாமல் கரைந்தே இருக்கும் இரும்பு) உள்ள நுண்ணூட்டக் கலவை, லிட்டருக்கு 2 மில்லி கிராம் இரும்பு வரும்படி. 12 சதவீத இரும்பு இ.டி.டி.ஏ. என்றால் 20 லிட்டருக்கு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. இ.சி. 1.5 பக்கம் வரும். நாற்றுக்கு இதைப் பாதியாக்குங்கள். போர் தண்ணீர் கலந்தால் இ.சி.யைப் பார்த்துக் குறையுங்கள். நகைத் தராசு ஒன்று வேண்டும், சமையலறைத் தராசு 3 கிராமைச் சரியாகக் காட்டாது.

ஒரு கட்டுப்பாடு: கால்சியம் நைட்ரேட்டை மற்றவற்றோடு கெட்டியாகக் கரைக்காதீர்கள். சல்ஃபேட்டும் பாஸ்பேட்டும் அதோடு சேர்ந்து சுண்ணாம்பு மாதிரி அடியில் படியும். முழுத் தண்ணீரில் ஒன்றைக் கரைத்து, கலக்கிவிட்டு, பிறகு அடுத்ததைப் போடுங்கள்.

கேள்வி: 5 கிலோ தேங்காய்நார்த் தூள் கட்டி நார் மில்லில் வாங்கினேன். நாற்றுகள் வெளிறுகின்றன.

பதில்: கழுவாத தூள். அதில் சோடியமும் பொட்டாசியமும் குளோரைடாக இருக்கும். ஒரு கப் தூளில் ஒன்றரை கப் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் விட்டு, வடிகட்டி இ.சி. பாருங்கள். 0.5-க்கு மேல் என்றால் தண்ணீரில் அலசி அலசிக் குறைக்க வேண்டும். பிறகு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 30 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கட்டி முழுவதையும் ஓர் இரவு ஊறவைத்து, மீண்டும் அலசுங்கள். அடுத்த முறை ‘லோ இ.சி.’ என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடினாலும் தண்ணீர் மிச்சம்.

கேள்வி: மே மாதம் விதைத்த லெட்யூஸ் விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. பணம் திரும்பக் கேட்கலாமா?

பதில்: முதலில் ஈரக் காகிதத்தில் பத்து விதையை மடித்து ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைத்து, பிறகு வெளியே குளிர்ந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். 28, 30 டிகிரிக்கு மேல் லெட்யூஸ் விதை தூங்கிவிடும், அது விதையின் குறையல்ல. அப்போதும் முளைக்காவிட்டால், லேபிளில் முளைப்புத் திறன் சதவீதம், பரிசோதித்த தேதி, காலாவதித் தேதி இருக்கிறதா என்று பார்த்து, பாக்கெட்டோடு கேளுங்கள். கடையில் பிரித்துப் பொட்டலம் கட்டிய விதையானால் நிரூபிப்பது கடினம்.

கேள்வி: விளக்கு நான்கு மாதத்தில் அணைந்துவிட்டது. ஓராண்டு உத்தரவாதம். விற்றவர் பதிலே தருவதில்லை, அவர் டெல்லியில் இருக்கிறார்.

பதில்: 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்தில் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அவர் பெயரும் தொடர்பும் தளத்திலேயே இருக்க வேண்டும். எழுத்தில் புகார் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

டிரைவர் பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள், அதைக் காட்டியே உத்தரவாதத்தை மறுப்பார்கள். பில், விளக்கின் லேபிள், ‘1000 வாட்’ என்ற விளம்பரப் பக்கம் ஆகியவற்றைப் படம் பிடித்து வையுங்கள். புது விளக்கு வாங்கும் மற்றவர்கள் முதல் நாளே வாட் மீட்டர் காட்டும் எண்ணையும் படம் பிடித்துவிடுங்கள். விளம்பரத்தில் 1000, மீட்டரில் 90 என்றால் அது தவறாக வழிநடத்தும் விளம்பரம். உத்தரவாதப் புகாரோடு அதையும் சேர்த்துக் கேட்கலாம்.