விண்டோஸ் 11 வந்ததும் 2019இல் நின்றுபோன கடைக் கணக்கு

கேள்வி: யாங்கோன் பயின்னாங் சந்தையில் உளுந்து, துவரை மொத்த வியாபாரம் செய்கிறேன். 2006இல் தெரிந்தவர் ஒருவர் விஷுவல் பேசிக் 6இல் எழுதித் தந்த கணக்கு மென்பொருள்தான் இன்றுவரை கடையை நடத்துகிறது. வீசையில் வாங்கி டன்னில் விற்கும் கணக்கெல்லாம் அதற்கு அத்துப்படி. 2019இல் புதுக் கணினி வாங்கியபோது மென்பொருளையும் பழைய கணக்கையும் அதில் ஏற்றிக்கொண்டேன். நான்கு நாள் முன்பு விண்டோஸ் 10 போய் 11 வந்தது. மறுநாள் மென்பொருளைத் திறந்தால் ‘எம்எஸ்காம்சிடிஎல்’ என்று ஏதோ பிழைச்செய்தி. மகன் ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்ததும் திறந்துகொண்டது. ஆனால் கணக்கு 2019உடன் நின்றுவிட்டது. அதற்குப் பிந்தைய கொள்முதல், பாக்கி எதுவுமே இல்லை. எக்ஸெல்லில் வைத்திருக்கும் பர்மியப் பெயர்களும் குலைந்து தெரிகின்றன. கணினிக் கடையில் ‘ஃபார்மட்’ செய்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள் ஐயா. இதைப் படித்து முடிக்கும்வரை கணினியைக் கடைக்காரர் கையிலும் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், காணாமல் போன கணக்கு அதே கணினியில்தான் பத்திரமாக இருக்க வேண்டும். ஃபார்மட் செய்தால்தான் அது உண்மையிலேயே தொலையும்.

நடந்தது இதுதான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மென்பொருள்கள் பல, தாங்கள் குடியிருக்கும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள்ளேயே கணக்குக் கோப்பையும் வைத்துக்கொண்டு எழுதும். 2007இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, அங்கே எழுதும் உரிமையைச் சாதாரணப் பயனரிடமிருந்து எடுத்துவிட்டது. அதற்காகப் பழைய மென்பொருள் எல்லாம் படுத்துவிடக் கூடாதே என்று மைக்ரோசாஃப்ட் ஒரு தந்திரம் செய்தது. எழுத வரும் மென்பொருளைத் தடுக்காமல், அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற மறைவிடத்தில் வைத்து, அன்று முதல் எல்லாப் பதிவையும் அந்த நகலுக்குத் திருப்பிவிடும். இது மென்பொருளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

அந்தக் காலத்து ரங்கூன் கிட்டங்கி, அதாவது செட்டியார் வணிகக் கடை, ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டகத்தில் ஒரு பேரேடு பூட்டிக் கிடக்கிறது. மேலாளுக்கு உதவியாளரான அடுத்தாள் அதன் நகலில்தான் தினமும் எழுதுகிறார். ஒருநாள் மேலாள் வந்து சாவி போட்டுப் பெட்டகத்தைத் திறந்தால் பழைய பேரேடுதானே கையில் வரும்? உங்கள் மகன் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தது மேலாளாகத் திறந்தது போலத்தான். அப்படித் திறக்கும்போது விண்டோஸ் திருப்பிவிடுவதை நிறுத்திவிடும்; மென்பொருள் நேராகப் புரோகிராம் ஃபைல்ஸுக்குப் போய், 2019இல் நீங்கள் ஏற்றிய அதே கோப்பைக் காட்டும்.

அப்படியானால் முதலில் ஏன் திறக்கவில்லை? எம்எஸ்காம்சிடிஎல் என்பது விஷுவல் பேசிக் மென்பொருள்களின் பட்டியலையும் பொத்தான் வரிசையையும் வரைந்து தரும் ஒரு துணைக்கோப்பு. அது விண்டோஸின் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். பெரிய மாற்றத்தின்போது அந்தப் பதிவு சில சமயம் உதிர்ந்துவிடுகிறது. துணைக்கோப்பு கைக்கெட்டும் இடத்தில் இருந்தால், நிர்வாகி உரிமையோடு ஒருமுறை திறக்கும்போது மென்பொருளே அதை மறுபடி பதிந்துகொள்ளும். ஆக, மகன் செய்தது தவறில்லை. ஒருமுறையோடு நிறுத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது மென்பொருளை மூடிவிட்டு, முதலில் ஒரு பென் டிரைவை எடுங்கள். ஃபைல் எக்ஸ்புளோரரில் ‘வியூ’ பட்டியலுக்குள் ‘ஷோ’, அதற்குள் ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு சி டிரைவில் ‘யூசர்ஸ்’, அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் ‘ஆப்டேட்டா’, ‘லோக்கல்’, ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ என்று வரிசையாக இறங்குங்கள். உள்ளே புரோகிராம் ஃபைல்ஸ் பெயரில் ஒரு கோப்புறையும், அதற்குள் உங்கள் மென்பொருளின் பெயரும் இருக்கும். அங்கே உள்ள கணக்குக் கோப்பின் தேதியைப் பாருங்கள். விண்டோஸ் மாறுவதற்கு முந்தைய நாள் தெரிந்தால் நிம்மதியாக ஒரு மூச்சு விடலாம். அந்தக் கோப்புறையையும், அசல் புரோகிராம் ஃபைல்ஸில் உள்ளதையும் தனித்தனிப் பெயரில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு, வழக்கம்போல் இரட்டைச் சொடுக்கில் மென்பொருளைத் திறவுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. இந்த மறைவிடம் ஒவ்வொரு விண்டோஸ் பயனருக்கும் தனி. புதிதாக வேறு பயனர் பெயரில் நுழைந்திருந்தால் கணக்கு தெரியாது. பழைய பெயரில் நுழையுங்கள். அடுத்தது, இந்த நான்கு நாளில் மகன் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பில் போட்டிருந்தால் அவை 2019 கோப்பில் போய் விழுந்திருக்கும். அவற்றை அச்சிட்டுவைத்து, சரியான கணக்கில் கையால் ஏற்றுங்கள். இரண்டு கோப்பையும் ஒட்டவைக்க முயல வேண்டாம்.

எனக்குத் தெரிந்த ஓர் அரிசி வியாபாரி ஞாயிறுதோறும் தவறாமல் பேக்கப் எடுப்பார். புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறையைத்தான் எடுப்பார். டிஸ்க் பழுதான அன்று பார்த்தால், கட்டுக்கட்டாக வைத்திருந்த நகல் எல்லாவற்றிலும் ஒரே பழைய கணக்கு! நீங்களும் அப்படித்தான் எடுத்துவருகிறீர்களா என்று பாருங்கள். இதற்கு நிரந்தர வழி, மென்பொருள் கோப்புறை முழுவதையும் சி டிரைவில் வெளியே, ‘கணக்கு’ என்ற மாதிரி ஒரு புதுக் கோப்புறைக்கு நகலெடுத்து, விர்ச்சுவல்ஸ்டோரில் இருந்த கணக்குக் கோப்பை அதன்மேல் போட்டு, அங்கிருந்தே திறப்பது. கோப்புறைப் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள். அந்தக் காலத்து மென்பொருளுக்குத் தமிழ் எழுத்து ஆகாது. கடைசி பாக்கித் தொகை கையால் எழுதிய ஏட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அதையே பயன்படுத்துங்கள்.

இனி எக்ஸெல். பெயர்கள் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிந்தால், அது வின் இன்வா போன்ற பழைய எழுத்துரு. நம் பழைய தமிழ் எழுத்துரு பாமினி போலத்தான், எழுத்துருவைத் திரும்பப் போட்டால் சரியாகும். பர்மிய எழுத்துகளே இடம் மாறிக் கால் முளைத்த மாதிரி தெரிந்தால் அது ஜாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துரு. உலகப் பொதுக் குறிமுறையான யூனிகோடு பர்மிய எழுத்துகளுக்குத் தந்த அதே எண்களை ஜாவ்ஜி வேறு எழுத்துகளுக்கும் வேறு வரிசைக்கும் பயன்படுத்திக்கொண்டது. அதனால்தான் விண்டோஸோடு வரும் ‘மியன்மார் டெக்ஸ்ட்’ எழுத்துருவில் பார்த்தால் குளறுபடி. 2019 அக்டோபர் 1 முதல் நாடு யூனிகோடுக்கு மாறத் தொடங்கிவிட்டது. உங்கள் பட்டியல் அதற்கு முந்தையதாக இருக்கும். எழுத்து கெடவில்லை, பார்க்கும் கண்ணாடிதான் மாறியிருக்கிறது.

இதில் நான் பட்டது ஒன்று உண்டு. ஒருமுறை குலைந்த பெயர்களைப் பார்த்துப் பதறி, ஒவ்வொன்றாக யூனிகோடில் மறுபடி தட்டினேன். பாதியில் உண்மை தெரிந்து, யூனிகோடுக்கு மாற்றும் கருவியை ஓட்டினால், அதுவரை தட்டிய நல்ல பெயர்களும் சேர்ந்து குலைந்தன. ஒரே நெடுவரிசையில் இரண்டும் கலந்தால் பிரிப்பது பெரும்பாடு. ஆகவே எதையும் திருத்தாமல், கோப்பை நகலெடுத்து, நகலில் ஜாவ்ஜியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியை ஒரே தடவை ஓட்டுங்கள். இலவசமாகவே கிடைக்கிறது.

இத்தனைக்கும் பிறகு மென்பொருள் முரண்டு பிடித்தால் விண்டோஸ் 10க்கே பின்வாங்க ஒரு கதவு இருக்கிறது: செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி, ‘கோ பேக்’. மாறிய நாளிலிருந்து 10 நாள்தான் அது திறந்திருக்கும். உங்களுக்கு இன்னும் 6 நாள். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று பழைய விண்டோஸ் இருக்கும் ‘விண்டோஸ்.ஓல்ட்’ கோப்புறையை யாராவது அழித்துவிட்டால் அந்தக் கதவும் போயிற்று. போகும் முன் கணக்கின் நகல் பென் டிரைவில் இருக்கட்டும். ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அங்கே நெடுநாள் குடியிருக்கும் எண்ணம் வேண்டாம்.

அப்டேட்டையே நிறுத்திவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூடாது, ஆனால் தள்ளிப்போடலாம். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 மேம்படுத்தல் சிலரின் ஆவணங்களையே அழித்து, மைக்ரோசாஃப்ட் அதைப் பாதியில் நிறுத்தியது. அவசரப்படாதவர்கள் தப்பினார்கள். மாதாந்தர அப்டேட் அமெரிக்காவில் இரண்டாம் செவ்வாய் காலை வெளியாகிறது. யாங்கோனில் அப்போது செவ்வாய் நள்ளிரவை ஒட்டிய நேரம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘பாஸ் அப்டேட்ஸ்’ (இடைநிறுத்து) கொடுத்து இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். நிறுவும் நாளில் மின்சாரம் எந்த நேரம் வரும் என்று பார்த்து, வந்த கையோடு தொடங்குங்கள். உங்களுடையது மடிக்கணினி இல்லையென்றால் இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டுத்தான் ‘ரீஸ்டார்ட்’டைத் தொட வேண்டும்.