கிட்டாரை எடுத்த ராப்காரர்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மேற்கத்திய இசை பற்றிய உங்கள் குறிப்பு ஒன்றில் அமெரிக்கப் பாடகர் மெஷின் கன் கெல்லியை ‘நல்ல மாணவர்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி என் வீட்டில் சண்டையைக் கிளப்பிவிட்டது. என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். நாள் முழுக்க அவர் பாட்டுதான் அவன் அறையில் கேட்கிறது. இப்போது நகத்துக்குக் கறுப்புச் சாயம் வேறு. நான் கல்லூரி நாட்களில் ராப் பாடகர் எமினெமைக் கேட்டவன். எனக்குத் தெரிந்தவரை கெல்லி 2018-இல் எமினெமிடம் வம்புக்குப் போய், நன்றாக வாங்கிக்கொண்டு, ராப்பையே விட்டுவிட்டுக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். அதற்குப் பிறகு அமெரிக்கக் கிராமத்து இசையான கன்ட்ரி பக்கமும் போயிருக்கிறாராம். ஒன்றில் நிலைத்து நிற்காதவரை எப்படிக் கலைஞர் என்பது? மகன் கிட்டார் கேட்டு நச்சரிக்கிறான். உங்கள் வரியை ஆதாரமாகக் காட்டுகிறான். விளக்கினால் நல்லது.

(பெயர் வேண்டாம்), ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

வீட்டுச் சண்டைக்கு நான் காரணமாகிவிட்டதற்கு வருந்துகிறேன். ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனது என் பிழை. ஆனால் அந்த வரியைத் திரும்பப் பெறப்போவதில்லை. ‘நல்ல மாணவர்’ என்றுதான் எழுதினேன், பெரிய கலைஞர் என்று எழுதவில்லை. இதை உங்கள் மகனிடமும் சொல்லுங்கள்.

முதலில் அந்த ஓட்டக் கதை. 2018 ஆகஸ்ட் இறுதியில் எமினெம் தன் ஆல்பம் ஒன்றில் கெல்லியைச் சீண்டினார். அதற்கு விதை 2012-இல் கெல்லி போட்ட ஒரு அசட்டு ட்வீட். சில நாட்களிலேயே கெல்லி ‘ராப் டெவில்’ என்ற பாட்டால் பதிலடி கொடுத்தார். செப்டம்பர் 14-ஆம் தேதி எமினெமின் ‘கில்ஷாட்’ வந்தது. பில்போர்டு என்ற அமெரிக்கத் தரவரிசைப் பட்டியலில் முன்னது 13-ஆம் இடம், பின்னது 3-ஆம் இடம். கெல்லி தோற்றார் என்றே நானும் நினைக்கிறேன். எமினெம் அந்தத் தொழிலில் கரைகண்டவர், கத்தியை எங்கே செருகினால் வலிக்கும் என்று தெரிந்தவர்.

ஆனால் தோற்றவர் ஓடினார் என்றால், எங்கே ஓடினார் என்று பார்க்க வேண்டாமா? அன்றைய அமெரிக்காவில் ராப்தான் விளைகிற நிலம். அவர் போய்ச் சேர்ந்த பாப் பங்க், அதாவது கிட்டாரும் டிரம்ஸும் வேகமாக ஓடுகிற ராக் வகை, தரிசாகக் கிடந்தது. அந்த இசைக்கு ஊர் ஊராகத் திருவிழா நடத்திய வார்ப்ட் டூர் கூட அதே 2018-ஆம் ஆண்டு தன் கடைசி முழுப் பயணத்தை முடித்துக்கொண்டது. பிழைக்க ஊரைவிட்டுப் போகிறவன் கிணறு வற்றிய ஊராகப் பார்த்தா போய்க் குடியேறுவான்?

அதோடு, கிட்டார் அவரிடம் புதிதாக வந்ததும் இல்லை. 2012-இல் வெளிவந்த முதல் ஆல்பமான ‘லேஸ் அப்’பிலேயே அவெஞ்ச்டு செவன்ஃபோல்டு என்ற ஹெவி மெட்டல் குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞரும் ஒரு பாட்டில் வருகிறார்கள். அடுத்த ஆண்டு ஸ்லீப்பிங் வித் சைரன்ஸ் என்ற ராக் குழுவின் பாட்டில் இவர் போய் ராப் பாடினார். எமினெம் சண்டைக்கு ஐந்தாறு வருடங்களுக்கு முந்தைய சமாச்சாரம் இதெல்லாம். தோல்விக்குப் பங்கே இல்லை என்று சாதிக்க மாட்டேன். வாசலில் ஒரு கால் வைத்திருந்தவரைப் பின்னாலிருந்து ஒரு கை தள்ளியது என்று வைத்துக்கொள்ளலாம்.

‘ஒன்றில் நிலைத்து நிற்காதவர்’ என்ற உங்கள் சொல்லைப் படித்ததும் அவருடைய பிள்ளைப்பருவம்தான் நினைவுக்கு வந்தது. இயற்பெயர் கோல்சன் பேக்கர். 1990-இல் ஹூஸ்டனில் பிறந்தார். பெற்றோர் கிறிஸ்தவ ஊழியம் செய்தவர்கள். எகிப்து, ஜெர்மனி, அமெரிக்காவின் வெவ்வேறு நகரங்கள் என்று குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஒன்பது வயதில் தாய் விட்டுப் போனார். வேலையும் மனநலமும் குலைந்த தந்தையோடு டென்வரில் அத்தை வீட்டில் ஒண்டிக்கொண்டார். பள்ளியில் அடியும் கேலியும். கடைசியில் வந்து சேர்ந்த இடம் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து. எஃகு ஆலைகள் பல ஓய்ந்த, ஏரிக்கரைத் தொழில்நகரம்.

‘ராக் அண்ட் ரோல்’ என்ற பெயரை வானொலியில் பரப்பிய ஆலன் ஃப்ரீட் அந்த ஊரில்தான் ஒலிபரப்பினார். ராக் இசையின் அருங்காட்சியகமும் அங்கேதான். அதே ஊர்தான் போன் தக்ஸ் அண்ட் ஹார்மனி என்ற ராப் குழுவையும் தந்தது. மூச்சுவிடாத வேகத்தில் ராப் பாடிக்கொண்டே ராகமும் இழுக்கிறவர்கள். அவர்களைக் கேட்ட காதோடு கெல்லியைக் கேட்டால் அந்த வேகம் எந்த மண்ணிலிருந்து வருகிறது என்று புரியும். அவர் புனைபெயரே நாக்கின் வேகத்துக்காக வைத்ததுதான்.

19 வயதில் தந்தையானார். மெக்சிகன் உணவுக்கடை ஒன்றில் வேலை பார்த்தார். 2009-இல் நியூயார்க் ஹார்லெமில் உள்ள அப்போலோ அரங்கின் புதுமுகப் போட்டியில் வென்றார். பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே கூச்சலிட்டு இறக்கிவிடுகிற கூட்டம் அது. அதைவிடக் கடினமான நுழைவுத்தேர்வு ஒரு வெள்ளைக்கார ராப் பையனுக்கு இருக்க முடியாது.

இனி நான் உண்மையில் சொல்ல நினைத்த விஷயம். பாப் பங்க் பாடகர்கள் நெடிலில் வாழ்கிறவர்கள். வரியின் கடைசி உயிரெழுத்தை மூக்கால் இழுத்து, கொஞ்சம் அழுகையும் கொஞ்சம் கிண்டலுமாக நீட்டிவிட்டுப் போவார்கள். கலிபோர்னியாக்காரர்களின் பழக்கம் அது. ராப் பாடுகிறவருக்கு இழுக்க நேரம் கிடையாது. குறிலையும் ஒற்றையும் அடுக்குவதுதான் அவர் தொழில். வல்லின ஒற்று எங்கே விழுகிறதோ அங்கேதான் தாளம். கெல்லிக்குக் குரல்வளம் குறைவு. மெல்லிய, சற்றே கரகரத்த குரல், மேலே போனால் கிழியும். நெடில் அவருக்குக் கைகொடுக்காது. அதனால் பாப் பங்க் பாட வந்தபோதும் அவர் ராப்காரரின் வாயையே கொண்டுவந்தார். சரணத்தில் வரிக்கு நான்கு அசை அதிகமாகத் திணிப்பார். டிரம்ஸின் அடிக்கு ஒரு மயிரிழை முன்னால் சொல்லை வெட்டுவார். பல்லவி வந்ததும் அடைத்துவைத்ததைத் திறந்துவிட்டதுபோல இரண்டே இரண்டு நெடில்களை நீட்டுவார். அது அழகான பாட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இறுக்கமும் திறப்பும் வேறு பாப் பங்க் பாடகர்களிடம் எனக்கு அகப்படாதது. உங்கள் எமினெம் காதை ஒரு பத்து நிமிடம் கடன் கொடுத்து, சரணங்களை மட்டும் கேட்டுப் பாருங்கள். ராப்பை விட்டுவிட்டு வந்தவர் பாடுகிற பாட்டாகவா அது ஒலிக்கிறது?

2019-இல் யங்பிளட் என்ற ஆங்கிலேயப் பாடகரோடும் டிரம்ஸ் கலைஞர் டிராவிஸ் பார்க்கரோடும் சேர்ந்து செய்த ஒரு பாட்டில்தான் இது முதலில் முழுதாகக் கூடியது. (பாடுகிறவர் பேக்கர், டிரம்ஸ் வாசிக்கிறவர் பார்க்கர். நானே இரண்டு முறை மாற்றி எழுதித் திருத்தினேன்.) அதே ஆண்டு மாட்லி க்ரூ என்ற ராக் குழுவைப் பற்றிய நெட்ஃபிளிக்ஸ் படத்தில் டிரம்ஸ் கலைஞர் டாமி லீயாக நடித்தார். அதற்காக டிரம்ஸ் கற்றுக்கொண்டார். பார்க்கரின் கையைக் கவனிக்க அவருக்குக் கண் திறந்தது அப்போதுதான் என்பது என் ஊகம்.

பார்க்கர் யார் என்று தெரிந்தால் ‘மாணவர்’ என்று நான் ஏன் சொன்னேன் என்பது விளங்கும். பிளிங்க்-182 என்ற பாப் பங்க் குழுவில் 1998-இல் சேர்ந்தவர். பள்ளி நாட்களில் அணிவகுப்பு வாத்தியக் குழுவில் வாசித்துப் பழகிய கை. பங்க் குழுவில் பெயர் வாங்கிய பிறகும் ராப்காரர்களோடு ஓயாமல் வேலை செய்தவர், டிரான்ஸ்பிளான்ட்ஸ் என்று பங்க்கும் ராப்பும் கலந்த குழுவிலும் வாசித்தவர். 2008-இல் தென் கரோலினாவில் நடந்த விமான விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். இவர் உடல் வெந்து பிழைத்தார். அதற்குப் பின் 13 வருடம் விமானம் ஏறவில்லை. இரண்டு இசைக்கும் நடுவே சுவர் இல்லை என்பதை வாசித்தே காட்டிய ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார் கெல்லி. புகழும் பணமும் வந்த பிறகு, 29 வயதில், இன்னொருவரின் பட்டறையில் கைகட்டி நிற்பது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. பத்து வருடம் கவிதை எழுதிவிட்டு உரைநடைக்கு வந்தவன் நான். முதல் மூன்று கதைகளைக் கிழித்துப் போட்ட நாட்கள் இன்னும் நினைவிருக்கின்றன. கவிதை நண்பர்கள் சிலர் என்னையும் ‘ஓடிவிட்டான்’ என்றுதான் சொன்னார்கள்.

அந்தப் பட்டறையில் செய்ததுதான் 2020 செப்டம்பரில் வந்த ‘டிக்கெட்ஸ் டு மை டவுன்ஃபால்’ ஆல்பம். என் வீழ்ச்சியைப் பார்க்க நானே டிக்கெட் விற்கிறேன் என்று பொருள்படும் தலைப்பு. எமினெமிடம் வாங்கியதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. தரைமட்டமாக்கப்பட்டவன் இடிபாட்டுக்கு வாசலில் நின்று நுழைவுச்சீட்டு கிழிக்கிறான். முதல் பாட்டு ஒரு மர கிட்டாரின் மெல்லிய மீட்டலோடு தொடங்கும். படுக்கையில் உட்கார்ந்து தனக்குத்தானே பாடிக்கொள்கிறார் என்று நினைப்போம். சட்டென்று பார்க்கர் உள்ளே புகுவார். கதவை யாரோ காலால் உதைத்துத் திறந்த மாதிரி இருக்கும். முதல் வாரத்தில் 1,26,000 பிரதிகளுக்கு நிகரான விற்பனை. பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம். ஒரு ராக் ஆல்பம் அந்த இடத்துக்கு வந்து அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஆல்பம் வருவதற்கு இரண்டரை மாதம் முன்பு, ஜூலை 5 அன்று அவர் தந்தை இறந்தார். இருவருக்கும் நெடுநாள் மனக்கசப்பு. ‘லோன்லி’ என்ற பாட்டு அந்தச் சாவைப் பற்றியது. கடைசிப் பாட்டு தன் மகளுக்கு, தான் இல்லாத காலத்தில் கேட்பதற்காக எழுதியது. பாப் பங்க் பாட்டுகளில் பெரும்பாலும் விட்டுப்போன காதலி இருப்பாள், பிடிக்காத ஊர் இருக்கும். இறந்த தந்தையும் வளரும் மகளும் ஒரே ஆல்பத்தில் வருவது, தன் வாழ்க்கையை ஆள்பெயர் ஊர்பெயரோடு எழுதுகிற ராப்காரரின் பழக்கத்தால்தான். உங்கள் மகன் அறையில் ஓடுவதில் இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் அவனுக்குக் காது இருக்கிறது.

இனி உங்கள் பக்கம். உங்கள் சந்தேகத்தில் நியாயமான ஒரு முனை உண்டு, நீங்கள் அதைத் தொடவில்லை, அவ்வளவுதான். கறுப்பினத்தவர் உண்டாக்கிய ராப்பில் ஏணி போட்டு ஏறிய வெள்ளைக்காரர் ஒருவர், வேண்டாம் என்று தோன்றியதும் இறங்கி அடுத்த வீட்டுக்குள் போகிறார். அங்கே வரவேற்பு கிடைக்கிறது. எதிர்த்திசையில் பாருங்கள். லில் வெய்ன் என்ற கறுப்பின ராப்காரர் 2010-இல் ‘ரீபர்த்’ என்று ஒரு ராக் ஆல்பம் போட்டார். விற்றது, ஆனால் விமர்சகர்கள் அதைக் கேலிப்பொருளாக்கினார்கள். இத்தனைக்கும் ராப்காரர் ராக் பாடலாம் என்று அந்தத் தலைமுறைக்குத் துணிச்சல் கொடுத்தவர்களில் ஒருவர் அவர். சுவர் இல்லை என்று மேலே எழுதினேன். வாசல் எல்லோருக்கும் ஒரே அகலமாகத் திறப்பதில்லை என்பதையும் எழுதியிருக்க வேண்டும். கெல்லி தன் அடுத்த ஆல்பத்தில் லில் வெய்னை இரண்டு பாட்டுகளுக்கு அழைத்துக்கொண்டார். கடன்பட்ட இடம் தெரிந்திருக்கிறது.

அந்த அடுத்த ஆல்பம், 2022-இன் ‘மெயின்ஸ்ட்ரீம் செல்லவுட்’, எனக்குப் பிடிக்கவில்லை. அதுவும் முதலிடம் போனது, கிராமி விருதுப் பரிந்துரையும் பெற்றது. ஆனால் தலைப்பைப் பாருங்கள். விலைபோனவன் என்று திட்டியவர்களுக்குக் கிண்டலாகப் பதில் சொல்கிறாராம். ஏசியவர்களை எழுதுகிற மேசைக்கே கூட்டிவந்து எதிரில் உட்காரவைத்த ஆல்பம் அது. இரண்டு வரிக்கு ஒரு முறை அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறது. முந்தைய ஆண்டு சிகாகோ விழா மேடையில் ஸ்லிப்நாட் என்ற ஹெவி மெட்டல் குழுவை, ஐம்பது வயதில் முகமூடி போட்டுக்கொண்டு ஆடுகிறவர்கள் என்று நக்கலடித்ததும், அடுத்த வாரமே லூயிவில் நகர ராக் விழாவில் கூட்டம் கூச்சலிட்டு அவரை எதிர்த்ததும் அந்த மனநிலையின் நீட்சிதான். (கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிற நான் இதைச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள்.) 2022 ஆகஸ்ட்டில் சொந்த ஊரான கிளீவ்லாந்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தை நிரப்பி, கூட்டத்தின் தலைக்கு மேலே கம்பியில் சறுக்கிக்கொண்டு போனார். ஊர் கொண்டாடியது. நல்ல மாணவர் ஆசிரியரின் கையெழுத்தையே இரண்டாம் முறையும் எழுதிக்காட்டினால் அது பாடம் ஒப்பிப்பதாகிவிடுகிறது. இரண்டு ஆல்பங்களுக்கும் அதுதான் வித்தியாசம்.

கன்ட்ரி பக்கம் போனதும் உண்மைதான். 2024-இல் ஜெல்லி ரோல் என்ற பாடகரோடு சேர்ந்து, பாடகர் ஜான் டென்வரின் பழைய கன்ட்ரி பாட்டு ஒன்றின் மெட்டை எடுத்துப் பாடினார். 2025-இல் ‘லாஸ்ட் அமெரிக்கானா’ ஆல்பம் வந்தது. அதன் முன்னோட்டத்துக்குக் குரல் கொடுத்தவர் பாப் டிலன். அதில் புது ஆசிரியர் யாரும் எனக்குத் தென்படவில்லை. எனக்கு அவ்வளவாக ஒட்டவும் இல்லை.

நகச்சாயம் பற்றி: கெல்லி 2021-இல் ஆண் பெண் இருவருக்குமாக நகச்சாய வியாபாரமே தொடங்கிவிட்டார், ஆகவே பையன் முறைப்படிதான் போகிறான். தேர்வு வந்தால் அசிட்டோன் வைத்துத் துடைத்தால் போய்விடும். கிட்டார் வாங்கிக் கொடுங்கள். இந்த இசைக்குப் பெரும்பாலும் பவர் கார்ட் என்ற ஒரே பிடிதான் வேண்டும். இரண்டு விரல் போதும், ஒரு மணி நேரத்தில் பிடிபடும். அந்தப் பிடியைக் கம்பியில் மேலும் கீழும் நகர்த்துவதுதான் பாதிப் பாட்டு. மின்கிட்டார் என்றால் ஒலிபெருக்கியோடு ஹெட்போனும் சேர்த்து வாங்குங்கள். முதல் மாதம் அவன் வாசிக்கப்போவதைக் கேட்க நீங்கள் விரும்ப மாட்டீர்கள்.