ராணுவமே விசாரித்தும் ரேடாரில் தெரிந்தது என்னவென்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அது பறக்கும் தட்டுதானே?

அவசரப்படாதீர்கள். நான் காசிமேட்டுக்காரன், ரேடார் படத்தை நம்பிப் பெரியம்மாவிடம் திட்டு வாங்கியவன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாத ராத்திரி. ராஜாஜி சாலையில் துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் இருக்கிறதே, அந்த வானிலை ரேடாரின் படத்தை போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் மேல் திட்டுத் திட்டாகப் பச்சை, நடுவில் கொஞ்சம் மஞ்சள். "பெரிம்மா, மழை வருது, கருவாட்ட அள்ளு!" என்று கத்தினேன். மொட்டை மாடியில் வலை போட்டு மூடியிருந்த நெத்திலியை, பாவம், பாயோடு சுருட்டிக் கீழே கொண்டுவந்தார். அரை மணி நேரம் ஆயிற்று. வானம் முழுக்க நட்சத்திரம். "உன் போன்லதான்டா மழை பெய்யுது" என்றார்.

தப்பு என்னுடையது, இப்படி ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கோடையில் தரையிலிருந்து போகும் வெக்கைக் காற்று, கடலை ஒட்டிய ஈரக்காற்றின் மேல் மூடி போட்ட மாதிரி உட்காரும். நேராகப் போகவேண்டிய ரேடார் அலை அதில் வளைந்து கீழிறங்கி, கடலிலோ கப்பலிலோ பட்டுத் திரும்பும். அலை வளைந்தது ரேடாருக்குத் தெரியாது. நேரே போய் வந்ததாகக் கணக்குப் போட்டு வானத்தில் ஒரு புள்ளி வைத்துவிடும்.

1952 ஜூலை 19 இரவு வாஷிங்டன் விமான நிலைய ரேடாரில் ஏழு புள்ளிகள் தெரிந்தன. எஃப்-94 போர் விமானங்கள் வந்தால் மறைந்தன, அவை போனதும் மறுபடி வந்தன. அடுத்த வாரக் கடைசியிலும் இதே கூத்து. ஜூலை 29 அன்று அமெரிக்க விமானப்படையின் மேஜர் ஜெனரல் சாம்ஃபோர்ட் பத்திரிகையாளர்களைக் கூட்டி, மேலே சூடு கீழே குளிர்ச்சி என்ற இதே காரணத்தைத்தான் சொன்னார். ரேடார் அறையில் இருந்தவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பவனுக்குப் பொய்ப்புள்ளி எது என்று தெரியாதா? விமானிகள் சிலரும் வெளிச்சத்தைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அதனால் எல்லாமே காற்றின் வேலை என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

பறக்கும் தட்டுப் புகார்களை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படையின் 'புளூ புக்' விசாரணை 1969-ல் மூடப்பட்டபோது கணக்கு இது: மொத்தம் 12,618 சம்பவங்கள், விடை தெரியாதவை 701. இந்த 701-ஐத்தான் எல்லோரும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் அந்த ராத்திரி அந்த இடத்தில் காற்று எப்படி அடுக்கியிருந்தது என்பதை மறுநாள் போய் அளக்க முடியுமா என்ன?

அப்புறம் 2023 பிப்ரவரி. அமெரிக்காவில் சீன பலூனைச் சுட்டு வீழ்த்திய கையோடு, மெதுவாக நகரும் சின்னப் பொருள்களையும் காட்டும்படி ரேடார் வடிகட்டியை மாற்றினார்கள். வலைக்கண்ணைச் சிறிதாக்கினால் பொடி மீனும் ஏறும் இல்லையா? 10, 11, 12 என மூன்றே நாளில் மூன்று பொருள்களைப் போர் விமானங்கள் ஏவுகணை விட்டு வீழ்த்தின. தனியார் நிறுவனங்களோ ஆராய்ச்சிக்காரர்களோ விட்ட பலூன்களாக இருக்கலாம் என்று அப்புறம் அன்றைய அதிபர் பைடனே சொன்னார்.