ஓட்டல் பில்லும் ஜூன் மாத அடகு நகையும்

கேள்வி: தண்டையார்பேட்டையில் வாடகை வீடு. நானும் கணவரும் சேர்ந்து மாதம் 54,000 ரூபாய் சம்பாதிக்கிறோம், பிள்ளைகள் இரண்டு. போன ஞாயிறு பெரம்பூர் பக்கம் ஒரு ஏசி ஓட்டலில் 1,240 ரூபாய்க்குச் சாப்பிட்டோம். பில் வந்தது 1,432. 'சர்வீஸ் சார்ஜ் 10%' என்று 124 ரூபாய் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு, "எல்லாருக்கும் போடறதுதான் மேடம்" என்றார்கள். இதைக் கட்டித்தான் ஆகணுமா? வெளிச் சாப்பாட்டுக்கே மாதம் 10,000 போகிறது: ஓட்டல் இரண்டு முறை, ஆப்பில் பத்து முறை, மீதி சாயங்கால டிபனும் டீயும். ஆனால் ஜூன் வந்தால் ஸ்கூல் பீஸ் 24,000-க்கு நகையை அடகு வைக்கிறோம். நூற்றுக்கு மாதம் ஒன்றரை வட்டி. மீட்க பிப்ரவரி ஆகிவிடுகிறது.

பதில்: கட்ட வேண்டியதில்லை. சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் நெறிமுறை வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கின. 2025 மார்ச் 28-ல் அதே நீதிமன்றம் நெறிமுறை செல்லும் என்று தீர்ப்புச் சொல்லி, வழக்குப் போட்ட இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகை விதித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. அதைக் காட்டி உங்களிடம் வாங்க முடியாது. பரிமாறியவருக்கு நீங்களாக மனம் வந்து கொடுக்கும் டிப்ஸ் வேறு கணக்கு.

இப்போது உங்கள் பில்லைப் பாருங்கள். 1,240-உடன் 124 சேர்த்து 1,364. அதன் மேல் மத்திய ஜிஎஸ்டி 2.5%, மாநில ஜிஎஸ்டி 2.5%, தலா 34.10. மொத்தம் 1,432.20. சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் வரி தலா 31, பில் 1,302. ஆக உங்கள் கையை விட்டுப் போனது 124 இல்லை, 130.20. சர்வீஸ் சார்ஜுக்கும் சேர்த்து வரி போட்டிருக்கிறார்கள். நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான்: சண்டை போட்டால் 124-ஐ மட்டும் பேனாவால் அடித்துக் கொடுப்பார்கள், 6.20 அப்படியே நிற்கும். "சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் போடுங்க" என்று கேளுங்கள். யுபிஐ ஸ்கேன் செய்வதற்கு முன்னால் கேளுங்கள். பணம் போன பிறகு, "சிஸ்டத்துல மாத்த முடியாது மேடம்" என்பதுதான் பதிலாக வரும்.

மறுத்தால் பில்லைப் போட்டோ எடுத்துக்கொண்டு 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண், கட்டணம் கிடையாது. அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்கும் கட்டணம் இல்லை. 130 ரூபாய்க்காக அங்கே அலைவீர்களா என்பது உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் 1915-ஓடு நிறுத்திக்கொள்வேன்.

ஜிஎஸ்டியிலும் ஒன்று பார்க்க வேண்டும். 2017 நவம்பர் 15 முதல் ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டல் சாப்பாட்டுக்கு 5%தான். 18% என்பது நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை உள்ள பெரிய ஹோட்டல்களின் உணவகத்துக்கு. "ஏசி ஹாலுக்கு வரி கூட" என்று யாராவது சொன்னால் அது வரி இல்லை. ஏசி ஹாலுக்குத் தனி மெனு வைத்துக் கூடுதல் விலை போடலாம், ஆனால் ஆர்டருக்கு முன்பே அது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

நம் பக்கத்து மெஸ், பிரியாணிக் கடை பலவும் ஜிஎஸ்டியின் தொகுப்புத் திட்டத்தில் ('காம்போசிஷன்') இருக்கும். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் உள்ளவர்களுக்கான திட்டம் அது. இந்தக் கடைக்காரர் வரியைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது. பில்லில் 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இருக்கிறதா, தமிழ்நாட்டுக் கடையென்றால் 33-ல் தொடங்குகிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் கடை 'ரெகுலர்' வகையா 'காம்போசிஷன்' வகையா என்று காட்டும். இரண்டாவது வகை என்றாலும், எண்ணே இல்லாமல் 'டாக்ஸ்' என்று போட்டிருந்தாலும், அந்த 5%-ஐ எடுக்கச் சொல்லுங்கள்.

சரி, மாதம் இரண்டு ஓட்டலுக்கும் சேர்த்து இதில் மிஞ்சுவது 260 ரூபாய். உங்கள் பணம் ஒழுகும் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

கடையில் 180 ரூபாய் பிரியாணி ஆப்பில் 220 என்று வையுங்கள். இரண்டு பொட்டலம் 440. கடையின் தள்ளுபடி 60 போக 380. பேக்கிங் 20. இந்த 400-க்கு 5% வரி 20. டெலிவரி 35, பிளாட்பார்ம் கட்டணம் 15, இந்த இரண்டுக்கும் 18% வரி 9 ரூபாய். மொத்தம் 479. அதே கடைக்கு நடந்து போய், பேக்கிங் 10 ரூபாயும் வரியும் கொடுத்து வாங்கினால் 388.50. வித்தியாசம் ஏறக்குறைய 90. தள்ளுபடி 60 என்று பச்சை எழுத்தில் காட்டுகிறார்களே, அதற்கு முன்பே விலையில் 80 ஏற்றியாகிவிட்டது. பிளாட்பார்ம் கட்டணம் 2023-ல் தொடங்கியபோது 2 ரூபாய். எண் சிறியது என்று யாரும் கவனிக்கவில்லை, அதனாலேயே வளர்ந்தது. குழம்புக்குத் தூக்குச் சட்டி கொண்டு போனால் பேக்கிங் காசையும் தவிர்க்கலாம்.

மெனு விலையே ஏறுவதற்கு உங்களால் செய்யக்கூடியது அதிகமில்லை. 5% வசூலிக்கும் ஓட்டல்காரருக்கு, தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை கிடையாது. 19 கிலோ சிலிண்டருக்கும் கடை வாடகைக்கும் அவர் கட்டும் 18% எல்லாம் தோசை விலைக்குள்தான் வந்து உட்காரும்.

மீனுக்கு மட்டும் ஒரு காலக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. காசிமேட்டில் வரத்து குறைந்து வஞ்சிரமும் வவ்வாலும் எட்டாத விலைக்குப் போகும், ஓட்டல் மீன் வறுவலும் கூடவே ஏறும். உங்கள் பீஸ் கட்டும் நேரமும் அதுதான். அந்த இரண்டு மாதமும் முட்டை, பருப்பு, பைபர் படகில் வரும் நெத்திலி என்று இறங்கிவிடுங்கள். ஆசைப்பட்ட பெரிய மீனைப் புரட்டாசியில் வாங்குங்கள், பாதிப் பேர் கவிச்சி தொடாத மாதம்.

இனி மாதக் கணக்கு. பத்து ஆப் ஆர்டரில் நாலை வீட்டுத் தோசையாக மாற்றுங்கள். ஒரு கிலோ மாவு, சட்னி, நாலு முட்டை எல்லாம் சேர்த்து 110 ரூபாய்க்குள் அடங்கும், ஒரு தடவைக்கு 370 மிச்சம். மாவு கடையில் வாங்கியதாகவே இருக்கட்டும். வேலை முடிந்து வந்து ஊறவைத்து அரைக்கச் சொன்னால் ஒரு வாரத்தில் திரும்ப ஆப்புக்கே போய்விடுவீர்கள். நாலு தடவைக்கு 1,480. மீதி ஆறை நடந்து போய் வாங்கினால் 540. சர்வீஸ் சார்ஜ் 260. மொத்தம் 2,280. சாயங்கால டீ, பஜ்ஜியில் கை வைக்கச் சொல்லவில்லை. அதையும் நிறுத்தினால் திட்டமே நிற்காது.

இதில் 2,000-ஐ மாதா மாதம் வங்கியில் ஓராண்டு ஆர்.டி.யாக (தொடர் வைப்பு) போட்டால், 6.5% வட்டியில் 24,800 சொச்சம் கையில் வரும். தபால் நிலைய ஆர்.டி. ஐந்தாண்டுக் கணக்கு, பீஸுக்கு ஒத்துவராது. சம்பளம் ஏறிய மறுநாளே பணம் பிடிக்கும்படி தேதி வையுங்கள். பதினைந்தாம் தேதி வைத்தால் கணக்கில் காசு இருக்காது, தவணை தவறும்.

ஆனால் நகை இப்போதே அடகில் இருந்தால் ஆர்.டி. வேண்டாம். நூற்றுக்கு ஒன்றரை என்பது ஆண்டுக்கு 18%. 24,000-க்கு மாதம் 360, எட்டு மாதத்தில் 2,880 வட்டி. 6.5% வாங்க 18% கொடுக்கக் கூடாது. மாதா மாதம் வட்டியோடு அந்த 2,000-ஐ அசலில் கட்டுங்கள். கடைக்காரர் வாங்கிக்கொண்டு, "அப்புறம் எழுதிக்கலாம்" என்பார். அடகுச் சீட்டிலேயே தேதியும் மீதி அசலும் எழுதி வாங்கிக்கொண்டுதான் கடையை விட்டு இறங்க வேண்டும்.