வலிப்புக்காகக் காத்திருக்கும் மூன்று நாள்

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. தூக்கத்தில் ஃபிட்ஸ் வருகிறது. மருந்துக்கும் அடங்காததால், வீடியோ இ.இ.ஜி. (பிள்ளையை வீடியோ பிடித்தபடியே மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் சோதனை) எடுக்க 3 நாள் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்கிறார்கள். அங்கே மாத்திரையையும் குறைப்பார்களாம். பெற்ற பிள்ளைக்கு வலிப்பு வரட்டும் என்று காத்திருப்பதா? நினைத்தாலே கை நடுங்குகிறது.
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில் தருபவர்: குழந்தைகள் வார்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர்

ஆமாம்மா, காத்திருக்கத்தான் வேண்டும். வலிப்பு மூளையில் எங்கே கிளம்புகிறது என்பதை அது வரும் நேரத்துப் பதிவுதான் தெளிவாகக் காட்டும். அடுத்து எந்த மருந்து, ஆபரேஷன் உதவுமா என்பதையெல்லாம் முடிவுசெய்ய அது வேண்டும். மாத்திரையைக் குறைப்பதாக இருந்தால், வலிப்பை நிறுத்தும் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டர்கள் குறைப்பார்கள். நீங்களாக வீட்டிலேயே குறைத்துவிட்டு வராதீர்கள், அது ஆபத்து.

முதல்நாளே ஷாம்பூ போட்டுத் தலைக்கு ஊற்றிவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், கம்பி ஒட்டாது. சட்டை முன்பக்கம் பட்டன் வைத்ததாக இருக்கட்டும். தலையில் இருபதுக்கு மேல் கம்பி ஒட்டித் துணி சுற்றுவார்கள். வலிக்காது, ஆனால் அரிக்கும். அதை அவளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். "ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்று சொல்லிக் கூட்டிவந்த பிள்ளைகள்தான் பயந்துபோய்க் கம்பியைப் பிய்ப்பார்கள். அவள் பொம்மைக்கும் அதேபோல் ஒரு கட்டுப் போட்டுவிடுங்கள்.

வலிப்பு வந்ததும் அங்கே கொடுத்திருக்கும் பட்டனை அழுத்துங்கள். போர்வையை விலக்கிவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாய்ந்து கட்டிக்கொள்ளத்தான் தோன்றும். எத்தனையோ அம்மாக்களின் முதுகுதான் வீடியோவில் பதிவாகியிருக்கிறது, பிள்ளையின் முகம் தெரியாது. அதனால் கேமராவை மறைக்காமல் பக்கவாட்டில் நின்று, பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். "வலது கை வெட்டுது, கண்ணு இடப்பக்கம் போகுது" என்று பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் குரலும் பதிவாகும். டாக்டருக்கு அது பெரிய உதவி. வாயில் எதையும் வைக்க வேண்டாம். கையில் சாவியும் வேண்டாம். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். அடங்கியபின் அவள் அசந்து தூங்குவாள், தூங்கட்டும்.

ராத்திரிக் காவலை அவள் அப்பாவும் நீங்களும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கட்டிலருகே நின்று அவளைப் பற்றி யாரும் குசுகுசுவென்று பேச வேண்டாம், பிள்ளைகள் காதில் எல்லாம் விழும்.

டிஸ்சார்ஜுக்கு முன்னால் ஒன்று கேட்டு வாங்குங்கள். வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்ப்ரே அவளுக்குத் தேவையா, எத்தனை முறை அடிக்கலாம் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். வார்டு நர்ஸைச் செய்துகாட்டச் சொல்லி, அவர் எதிரிலேயே நீங்களும் செய்து பாருங்கள். அந்தச் சீட்டின் நகல் அவள் வகுப்பு டீச்சரிடமும் இருக்கட்டும்.