கணுக்கால் முறிவு: ஒப்பரேஷனுக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?

கேள்வி: மிஸ்ஸி, கன்னியாவில் வெந்நீர்க் கிணற்றடியில் குளித்துவிட்டு வரும்போது அம்மா ஈரத்தரையில் வழுக்கி விழுந்துவிட்டார். வயது 59, சீனி வருத்தமும் இருக்கிறது. கணுக்காலின் இரண்டு பக்க எலும்பும் உடைந்துவிட்டதாம். தகடு வைக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் பின்பக்கம் மட்டும் பிளாஸ்டர் வைத்து, ஒரு கிழமை போகட்டும் என்று கட்டிலில் விட்டிருக்கிறார்கள். ‘சும்மா கிடக்கிறதுக்கு எண்ணெய் போட்டு இழுத்துக் கட்டலாம்’ என்று மாமா ஒற்றைக்காலில் நிற்கிறார். என்ன செய்வது?
- ஒரு மகள், உவர்மலை

பதில்: மகள், அம்மாவை எங்கேயும் கொண்டுபோக வேண்டாம். அவர் சும்மா கிடக்கவில்லை, அந்தக் காத்திருப்பும் வைத்தியம்தான். கணுக்காலில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் சதையே கிடையாது. வீங்கி, கத்தரிக்காய் போலப் பளபளக்கிற தோலை வெட்டித் தைத்தால் தையல் விடும், கிருமி எலும்பு வரை போகும். சீனி உள்ளவருக்கு அந்த ஆபத்து இன்னும் கூட. நான் எலும்பு வார்ட்டில் தாதியாக இருந்த காலம் முழுக்க, காலையில் டொக்டர் வந்ததும் முதலில் தோலைத்தான் பார்ப்பார். வீக்கம் வடிந்து தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்துவிட்டால் ‘நாளைக்குச் செய்யலாம்’ என்பார். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் கதை வேறு, அதற்குக் காத்திருக்க மாட்டார்கள்.

மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளின் நுனியும் இரு பக்கமும் பிடித்துக்கொள்ள, நடுவில் பாத எலும்பு ஒன்று இருக்கிறது. இரண்டு பிடியும் உடைந்தால் அது நழுவும். 1976இல் வெளியான ஓர் ஆய்வில், அந்த எலும்பு 1 மில்லிமீற்றர் வெளியே விலகினாலே மூட்டு ஒன்றோடொன்று தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைந்தது. இந்த அளவுக் கணக்கைக் கையால் இழுத்துச் சரிப்படுத்த முடியாது. வெளிப்பக்க எலும்பு மட்டும் உடைந்து, மூட்டும் விலகாமல் இருந்தால் பிளாஸ்டரோ பூட்ஸோ ஏறக்குறைய 6 கிழமை போதும். அம்மாவுடையது அப்படியல்ல.

இப்போது உங்கள் வேலை, கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தலையணை வைப்பது. சாப்பிடும்போது கூடக் காலைத் தொங்கப்போட விடாதீர்கள். விரல்கள் நீலமானால், குளிர்ந்தால், மரத்தால், மருந்து கொடுத்தும் வலி கூடினால் உடனே சொல்லுங்கள். கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அதுவும் அவசரம், இரத்தக் கட்டியாக இருக்கலாம்.

ஒப்பரேஷனுக்குப் பிறகுதான் எனக்குப் பயம். மூதூரில் இருந்து வந்த ஓர் அம்மா மூன்றாம் கிழமையே தேத்தண்ணி வைக்கக் குசினிக்கு நடந்துவிட்டார். சீனியால் பாதம் மரத்திருந்ததால் வலியே தெரியவில்லை. திரும்பி வந்தபோது பாதம் ஒரு பக்கம் திரும்பி, ஸ்க்ரூ கழன்றிருந்தது. அதனால் வலி இல்லை என்பதை வைத்துக் கால் ஊன்ற விடாதீர்கள். சீனி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் மற்றவர்களை விட நீண்ட நாள் எடுக்கும். டொக்டர் சொல்லும் நாள்தான் நாள். குந்தியிருக்கும் மலசலகூடம் என்றால் கொமோட் கதிரை ஒன்று இப்போதே தேடுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நொந்த கால் முதலில்.

அசைக்கலாம் என்று சொன்ன பிறகு, பாதத்தால் காற்றில் அ, ஆ எழுதச் சொல்லுங்கள். முதல் நாளில் ‘அ’ பாதியில் நின்றாலும் விட வேண்டாம்.