பெரியப்பா சொல்லும் சி.ஏ.வும் அந்தப் பெண்ணின் நோட்டும்

விருதுநகரிலிருந்து ஓர் அப்பா, மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க, அவளையும் தன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்திருந்தார். அரசுப் பள்ளி, பிளஸ் டூவில் வணிகவியல், 600க்கு 561. பேசியதெல்லாம் பெரியப்பாதான். "சி.ஏ.ல சேத்துடலாம் சார். ஆடிட்டர்னா ஊர்ல ஒரு மரியாதை."

அந்தப் பெண் ஒரு நோட்டை நீட்டினாள். பட்ஜெட் உரையில் சொன்னது, மறுநாள் பேப்பரில் வந்தது, இரண்டிலும் விடுபட்டது என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். பத்திரிகையில் வரியைப் பற்றி எழுத வேண்டுமாம். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

கவலைப்படாதீர்கள் என்று ஆரம்பித்தவன், நோட்டைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். சி.ஏ. நல்ல படிப்புதான், இவளுக்கு வேண்டாம். விரும்பிச் சேர்ந்தவர்களே இறுதித் தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதும் படிப்பு அது. பெரியப்பாவின் மரியாதைக்காக ஒரு பெண் எத்தனை முறை எழுதுவாள்?

"பேப்பர்ல எழுதி எவன் சார் முன்னேறினான்?" என்றார் பெரியப்பா. ஜேம்ஸ் வில்சன் கதையைச் சொன்னேன். ஸ்காட்லாந்தில் தொப்பி செய்யும் தொழில் பழகியவர். தானிய இறக்குமதி வரியை ஒழிக்க வேண்டும் என்று வாதாடவே 1843இல் 'எகானமிஸ்ட்' இதழைத் தொடங்கி ஆசிரியராக இருந்தார். 1846இல் அந்த வரிச் சட்டத்தை நீக்க பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முடிவெடுத்தது. பிறகு அவரே நாடாளுமன்ற உறுப்பினரானார், கருவூலத்தில் பதவி வகித்தார். 1857 கிளர்ச்சிக்குப் பின் இந்திய அரசு கடனில் தத்தளித்தபோது, நிதி உறுப்பினராக, அதாவது இன்றைய நிதியமைச்சர் மாதிரியான பதவியில், கல்கத்தாவுக்கு வந்தார். 1860இல் இந்தியாவின் முதல் வருமான வரியைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் கீழ் சம்பாதித்தவர்களுக்கு விலக்கு. அதை எதிர்த்த சென்னை ஆளுநர் டிரெவெல்யன், தன் ஆட்சேபத்தைப் பத்திரிகையில் வெளியிட்டுப் பதவியை இழந்தார். வில்சனும் அதே ஆண்டு ஆகஸ்டில் சீதபேதியில் இறந்துபோனார்.

"அப்போ ஆடிட்டருங்களுக்கே வேலை கொடுத்தது ஒரு பத்திரிகைக்காரனா?" என்றார் பெரியப்பா. ஏறக்குறைய அப்படித்தான்.

சரி, எழுதுகிறவர்கள் எல்லாரும் நிதியமைச்சர் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் இந்த வேலைக்குத் தமிழில் ஆள் குறைவு. பட்ஜெட் உரையை ஊரே கேட்கிறது, வரி மாற்றங்கள் சட்ட வடிவில் இருக்கும் நிதி மசோதாவைத் திறப்பவர்கள் சிலர்தான். வரிச்சலுகைகளால் அரசு எவ்வளவு வருவாயை விட்டுக்கொடுக்கிறது என்று பட்ஜெட் ஆவணங்களிலேயே ஓர் அட்டவணை இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். 2022 ஜூலையில் வெட் கிரைண்டருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அந்த அறிவிக்கையையும் படித்து, கோயம்புத்தூர் பட்டறைக்காரரிடமும் உட்கார்ந்து பேசுகிறவர்தான் அதை முழுதாக எழுத முடியும்.

இதற்கு பி.ஏ. பொருளாதாரம் போதும், அரசு கலைக் கல்லூரியே போதும். அரசின் வரவு செலவைப் பற்றிய பொது நிதியியலும் புள்ளியியலும்தான் முக்கியம், புள்ளியியலுக்குப் பயந்து ஓடக் கூடாது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். படிக்கும்போதே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அப்புறம் எம்.ஏ.வுக்கு மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு, அல்லது சென்னையிலேயே மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். பத்திரிகை ஒத்துவராவிட்டால், முதுகலைப் பொருளாதாரத்தோடு மத்திய அரசு வேலைக்கான இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதலாம்.

ஒன்றில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். லட்சக்கணக்கில் கடன் வாங்கித் தனியார் மீடியா கோர்ஸில் சேர்க்காதீர்கள். நிருபர் வேலையில் ஆரம்பச் சம்பளம் குறைவு. தவணை கட்ட முடியாமல் பிடித்த வேலையை விட்டுவிட்டு விளம்பரக் கம்பெனிக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

கிளம்பும்போதுதான் அப்பா மெதுவாகச் சொன்னார், சி.ஏ. கோச்சிங்குக்கு 15,000 அட்வான்ஸ் கட்டியாகிவிட்டதாம். திருப்பிக் கேட்டுப் பாருங்கள். வராவிட்டால் 15,000தான் நஷ்டம், அதை எடுப்பதற்காக அவளை அங்கே அனுப்ப வேண்டாம். கல்லூரி விண்ணப்பம் ஆன்லைனில்தான். சாதிச் சான்றிதழை இந்த வாரமே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.